உக்காரு சாமி

கண்ணு,

கல்யாணப் பத்திரிகை பிரஸ்ஸிலிருந்து வந்துவிட்டது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன். என் பெயருக்குக் கீழே ‘பஞ்சாயத்துத் தலைவர்’ என்று கொட்டை எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறாய். படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் வயிறு எரிந்தது. நான் தலைவராக இருப்பது இந்த மலையில் இந்த ஒரு காகிதத்தில்தான். இதை நேரில் சொல்லலாம்தான். ஆனால் நான் வாயைத் திறந்தால் நீ “சரிம்மா, சரிம்மா, அப்புறம் பேசலாம்” என்று வண்டியை உதைத்துக் கிளம்பிவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கல்யாண வீட்டில் தாய் எழுதுகிற கடிதம் ஆசீர்வாதமாகத்தான் இருக்கும் என்று ஊர் நினைக்கும். இதில் ஆசீர்வாதம் குறைவு. வயிற்றெரிச்சல்தான் அதிகம். பொறுமையாகப் படி.

நான் செம்மநத்தத்திலிருந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். எட்டாவது வரை படித்திருந்தேன். அப்போது இந்தப் பக்கத்தில் அது பெரிய படிப்பு. மேட்டு எஸ்டேட்டில் கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயன்களில் பால்வாடி ஆரம்பித்தபோது என்னை டீச்சராகப் போட்டார்கள். லயன் வீடுகளை நீ ஜீப்பில் போகும்போது மேலிருந்து பார்த்திருப்பாய். நான் தினமும் அங்கே இறங்கிப் போனவள். காப்பிப் பழம் பறிக்கிற காலம் வந்தால் பல்ப்பரில் பழத்தோல் உரித்துக் கழுவின தண்ணீர் முழுக்க ஓடையில்தான் விழும். அந்த ஓடைதான் லயன் பெண்களுக்குக் குடிக்கிற தண்ணீர். கறுத்து, நுரைத்து, புளித்த நாற்றம் அடிக்கும். பால்வாடிக்கு வருகிற பிள்ளைகளுக்கு வாயெல்லாம் புண், வயிற்றுப்போக்கு நிற்கவே நிற்காது. மார்கழி, தை வந்தால் ஊரெல்லாம் காப்பிக் காசில் சிரிக்கும், லயனில் பிள்ளைகள் அழும். இந்தத் தண்ணீரைப் பற்றித்தான் என் பொதுவாழ்க்கையே. வேறு எந்தக் கொள்கையும் எனக்கு அப்போது தெரியாது.

ஊர்க்கூட்டத்தில் சொல்லலாம் என்று நினைத்தேன். மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் கூடினால் ஆண்கள் உட்காருவார்கள். பெண்கள் தூரத்தில் நிற்க வேண்டும், பேசக் கூடாது. பெண்ணுக்கு ஒரு பிராது இருந்தால் அவள் வீட்டு ஆண் எழுந்து அவளுக்காகச் சொல்ல வேண்டும். அதுதான் வழக்கம். நான் உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனேன். உன் அப்பா எழுந்தார், துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு, “ஏனுங்க, நான் சொன்னா அரைகொறையாத்தான் வருமுங்க. அவளுக்குத்தான் தெரியும். அவளே சொல்லட்டுங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நானே சொன்னேன். சொல்லி முடித்ததும் ஊர்க்கவுண்டர் என்னைப் பார்க்கவே இல்லை. உன் அப்பாவைப் பார்த்து, “பொம்பளைய முன்னால உட்டுட்டு நீ உக்காந்துக்கிட்டியா? ஊருக்கு விழுந்து கும்புடு” என்றார்.

உன் அப்பா விழுந்து கும்பிட்டார் கண்ணு. அத்தனை பேர் முன்னாலும், வெள்ளை வேட்டியோடு செம்மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டே, “கும்புட்டாச்சுங்க. அந்தத் தண்ணி சமாச்சாரத்துக்கு என்னன்னு சொல்லுங்க” என்று கேட்டார். கூட்டத்தில் ரெண்டு பேர் சிரித்துவிட்டார்கள். மறுநாள் பெரியவர்கள் எஸ்டேட்டுக்குப் போய்ப் பேசினார்கள். பல்ப்பர் தண்ணீருக்குத் தனியாகக் குழி வெட்டினார்கள். அந்தக் குழி ஒரு பருவம்தான் தாங்கியது, அடுத்த வருஷம் தண்ணீர் பழையபடி ஓடைக்கே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகு நான் அழுதேன். “அட போ, மண்ணுதானே, தொவைச்சாப் போவுது” என்றார். நீ அப்போது இடுப்புக் குழந்தை. உன் அப்பா எப்படிப்பட்ட ஆள் என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். நீ தலைக்கு மேல் உயர்ந்த பிறகும் அவரைப் பற்றி ‘வாயில்லாப் பூச்சி’ என்றுதான் உன் சிநேகிதர்களிடம் சொல்கிறாய்.

அதற்குப் பிறகு ஊர்க்கூட்டத்தை நம்பிப் பிரயோசனமில்லை என்று புரிந்தது. மாதர் சங்கம் என்று பெயர் வைத்தால் புருஷன்மார்கள் பெண்களை அனுப்ப மாட்டார்கள். அடுப்பை விட்டு அவர்களுக்கும் நேரம் கிடையாது. அப்போது ஒன்று கண்ணில் பட்டது. பழம் பறித்து முடித்துச் சாயங்காலம் கூடைகளோடு எல்லாப் பெண்களும் எஸ்டேட் களத்தில் எடைக்குக் காத்திருப்பார்கள். எடை போட்டுக் கணக்கு எழுதுகிற ரைட்டர் டீ குடித்து, வெற்றிலை போட்டு, ஆடி அசைந்து வருவதற்குள் இருட்டத் தொடங்கிவிடும். வேலையும் இல்லாமல், வீடும் இல்லாமல், ஆண்களும் இல்லாமல் அந்தப் பெண்கள் சேர்ந்திருக்கிற நேரம் ஒரு நாளில் அது ஒன்றுதான். அதுதான் நம் கூட்டம் என்று சொல்லிவிட்டேன். பால்வாடியைப் பூட்டிவிட்டு நேரே களத்துக்குப் போய்விடுவேன். அரசாங்கம் அறிவிக்காத, யாரும் தடுக்காத கூட்டம் இருபது வருஷம் நடந்தது.

ஆனால் யாரும் பேச மாட்டார்கள். கும்பலாகக் கத்துவார்கள். ஒருத்தியைச் சொல்லச் சொன்னால் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, முந்தானையைக் கடித்துக்கொண்டு நிற்பாள். நிற்கிறவளுக்குப் பேச்சு வராது, மன்னிப்புதான் வரும். அதனால் ஒரு காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டேன். யார் பேசுகிறார்களோ அவள் அந்தக் கூடை மேல் உட்கார்ந்துதான் பேச வேண்டும். உட்கார்ந்தவள் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும்வரை எவன் வந்தாலும் எழுந்திருக்கக் கூடாது. மேஸ்திரி வந்தாலும் சரி, துரை வந்தாலும் சரி. முதலில் சிரிப்பாய்ச் சிரித்தார்கள். “எங்க மாமியா பாத்தா கூடையோட சேத்து ஓடையில உட்ருவாங்க அக்கா” என்றாள் ஒருத்தி. அந்தக் கூடையில் உட்காரக் கற்றுக்கொள்ள அவர்களுக்கு ஒரு முழுப் பருவம் ஆனது.

வெள்ளச்சியை உனக்குத் தெரியும். உனக்கு அம்மை போட்டிருந்தபோது நான் பால்வாடி போக, உன் பக்கத்திலேயே இருந்து வேப்பிலையால் வருடிக்கொடுத்தவள். அவள்தான் முதல் சோதனையில் மாட்டினாள். கூடையில் உட்கார்ந்து ஓடைத் தண்ணீரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் ரைட்டர் வந்துவிட்டார். எல்லோரும் விருட்டென்று எழுந்தார்கள். அவள் மட்டும் எழவில்லை. “என்னடி, மகாராணி, எந்திரிக்க மாட்டியா?” என்றார். அவள் ரெண்டு கையாலும் கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “இன்னும் ரெண்டு வார்த்த இருக்குதுங்க. சொல்லி முடிச்சுட்டு எந்திரிக்கறேனுங்க” என்றாள். சொல்லி முடித்தாள். பிறகுதான் எழுந்தாள். அந்தப் பருவம் முடிகிறவரை அவள் கூடையைக் கடைசியாகத்தான் எடை போட்டார் ரைட்டர். தினமும் இருட்டில் தனியாக நடந்து வீட்டுக்குப் போனாள். ஒரு நாளும் என்னிடம் குறை சொன்னதில்லை.

பெண்களுக்குப் பஞ்சாயத்தில் இடம் ஒதுக்கிச் சட்டம் வந்தபோது நம் பஞ்சாயத்துத் தலைவர் பதவி பெண்களுக்கு என்று விழுந்தது. அப்போது உன் அப்பா உயிரோடு இல்லை. ஊர்ப் பெரியவர்கள் தங்கள் தங்கள் வீட்டு மருமகள்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். களத்தில் நாங்கள் எங்கள் கூட்டத்தைப் போட்டோம். வெள்ளச்சிதான் கூடையில் உட்கார்ந்தாள். “அக்கா நிக்கட்டுங்க. நொம்ப நாளா சோறாக்குற நேரத்தையும் உட்டுட்டு நமக்காக நாயம் பேசுனவங்க. செயிச்சு வந்தா மொதக் கொழா நம்ம லயன்லதான் போடோணும். அத மட்டும் சொல்லச் சொல்லுங்க” என்றாள். நான் சொன்னேன். மலை உச்சியில் இருக்கிற சேர்வராயன் மேல் ஆணையாகச் சொன்னேன். அந்தப் பெண்கள் பழக்கூடையைத் தூக்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாக ஓட்டுக் கேட்டார்கள். நாகலூர் பஸ்ஸில் ஏறி, இறங்குகிற ஒவ்வொருத்தியிடமும் சின்னத்தைச் சொன்னார்கள். நான் ஜெயித்தேன். அதில் உன் உழைப்பு ஒன்றும் இல்லை. அப்போது நீ சேலத்தில் இருந்தாய்.

இனிமேல் சொல்வதுதான் எனக்குக் கசக்கிறது. பதவியேற்று முதல் நாள் ஆபீசுக்குப் போனேன். கை வைத்த நாற்காலி ஒன்றே ஒன்று இருந்தது. கிளார்க்குக்கு ஒரு இரும்பு மடக்கு நாற்காலி, சுவரோரம் ஒரு பெஞ்சு. நான் கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்தேன். வாசல் முழுக்க நம் பெண்கள். வெள்ளச்சி வேலைக்குப் போகாமல் புதுச்சீலை கட்டிக்கொண்டு வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே நல்ல மழை. அந்த மழையில் நீ சேலத்திலிருந்து வண்டியில் வந்து சேர்ந்தாய். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிற்று, உதடு வெளுத்திருந்தது. நான் யோசிக்கவே இல்லை. எழுந்தேன். முந்தானையால் உன் தலையைத் துவட்டினேன். “நனஞ்சு வந்திருக்கியே, உக்காரு சாமி” என்றேன். நீ உட்கார்ந்தாய்.

அவ்வளவுதான் நடந்தது. கிளார்க் டீ கொண்டு வந்து உன் முன்னால் வைத்தார். தோட்ட முதலாளி ஒருவர் உள்ளே வந்து உனக்கு வணக்கம் வைத்தார். நீ எழப் பார்த்தாய், பொய் சொல்ல மாட்டேன், பாதி எழுந்தாய். நான்தான் கையைக் காட்டி, இரு இரு என்றேன். பெற்ற பிள்ளை நனைந்து வந்தால் எந்தத் தாய் உட்கார்ந்திருப்பாள்? ரைட்டருக்கு எழாதே, மேஸ்திரிக்கு எழாதே, துரைக்கு எழாதே என்று இருபது வருஷம் சொல்லிக்கொடுத்தவளுக்கு, பிள்ளைக்கும் எழக் கூடாது என்று சொல்ல ஒருத்தியும் இல்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களோடு பேசிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது நிலைப்படியில் வெள்ளச்சி இல்லை.

மறுநாளும் நீதான் உட்கார்ந்தாய். அதற்கு மறுநாள் கிளார்க் உனக்குத் துண்டு விரித்து வைத்திருந்தார். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று சும்மாவா சொன்னார்கள். ஆனால் நீ பிடுங்கவில்லை, அதுதான் வேடிக்கை. ஒவ்வொன்றாக அன்போடு வாங்கிக்கொண்டாய். கலெக்டர் ஆபீஸ் கூட்டத்துக்கு நான் கிளம்பினால், “கொண்டை ஊசி வளைவுல உனக்கு வாந்தி வரும்மா, நான் போய்ட்டு வந்தர்றேன்” என்பாய். வாந்தி வருவது உண்மைதான். ஒரு எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு, வாந்தி எடுத்துக்கொண்டாவது நான் போயிருக்க வேண்டும். மற்ற ஊர்த் தலைவிகள் போனார்கள். வந்தவர்களைத் திண்டாட விடாமல் நீயே வாசலில் பேசி அனுப்பினாய். கையெழுத்து வேண்டுமென்றால் அடுப்படிக்குக் கொண்டு வந்தாய். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு போட்டேன். ஊரில் உன்னைத் தலைவர் என்று கூப்பிட ஆரம்பித்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதை இப்போது நினைத்தால் எனக்கே என் மேல் வெறுப்பாக இருக்கிறது.

போன பருவத்தில் ஒரு மத்தியானம் வெள்ளச்சி வீட்டுக்கு வந்தாள். முன்னெல்லாம் நேரே அடுப்படிக்கு வந்து, பானையைத் திறந்து பார்த்து, களி இருந்தால் உருட்டிச் சாப்பிட்டுவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பாள். அன்றைக்கு வாசலிலேயே நின்றாள். கையைக் கட்டியிருந்தாள். உள்ளே வா என்றேன், வரவில்லை. மனைக்கட்டையை எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. “இருக்கட்டுங்கம்மா” என்றாள். என்னை அக்கா என்று கூப்பிட்டவள் அம்மா என்கிறாள். “தண்ணி டேங்கு ரோட்டு முக்குல கட்டறாங்களாமுங்க. லயனுக்கு வராதுன்னு சொல்றாங்க. உங்க பையன் தலைவருங்களே, நீங்க ஒரு வார்த்த சிபாரிசு சொன்னீங்கன்னா நல்லா இருக்குமுங்க” என்றாள். இரு கையாலும் கூடையைப் பிடித்துக்கொண்டு ரைட்டருக்கு எழாதவள், என் வாசலில், கையைக் கட்டிக்கொண்டு, என்னிடம், என் பிள்ளையிடம் சிபாரிசு சொல்லச் சொல்லிக் கேட்கிறாள். ரைட்டரால் செய்ய முடியாததை நானும் நீயும் சேர்ந்து செய்துவிட்டோம்.

நடந்தே போய்ப் பார்த்தேன். புது லாட்ஜுக்குப் பக்கத்தில் தூண் எழும்பியிருந்தது. அங்கிருந்து லயன் பள்ளத்துக்குக் குழாய் போட எந்தத் திட்டமும் இல்லை. அன்று சாயங்காலம் உன்னிடம் கேட்டேன். நீ கை நீட்டி எதையும் வாங்கினாய் என்று நான் நினைக்கவில்லை. லாட்ஜ் கட்டின பெரிய மனுஷர்கள் உன் தோளில் கை போட்டுப் பேசினார்கள், உனக்கு அது போதுமாக இருந்தது. “ரோட்டோரம் இருந்தாத்தாம்மா மேலதிகாரிங்க கண்ணுல படும். லயனுக்கு அடுத்த திட்டத்துல பாத்துக்கலாம். உனக்கு அரசியல் தெரியாது” என்றாய். எனக்கு! உனக்கு மூக்குச் சிந்தத் தெரியாத காலத்திலிருந்து இந்தத் தண்ணீருக்காகக் களத்தில் நின்றவளுக்கு அரசியல் தெரியாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமியே எழுந்து பூசாரிக்கு நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டது. அன்றைக்கு நான் பதில் சொல்லாமல் போய்ப் படுத்தேன். நீ நான் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டாய்.

அதையும் விழுங்கியிருப்பேனோ என்னவோ. கொட்டச்சேட்டில் உன் நிச்சயதார்த்தம் நடந்ததே, அங்கேதான் என் தூக்கம் போனது. உனக்குப் பேசி முடித்த சுமதி பாயில் பெண்களோடு உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கல்லூரியில் படித்த பெண், கணீரென்று குரல், எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ உள்ளே வந்தாய். பாதி வார்த்தையில் நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள். நீ அவள் அப்பாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னாய்: “அடுத்த தடவையும் பொம்பளைங்களுக்குத்தான் சீட்டு வருமாட்ட இருக்குதுங்க மாமா. அம்மாவுக்கு வயசாச்சு. சுமதி நிக்கட்டும், மத்ததையெல்லாம் நான் பாத்துக்கறேன்.” அவர் பூரித்துப் போனார். எல்லோரும் சிரித்தார்கள். நின்றுகொண்டிருந்த அந்தப் பெண்ணும் சிரித்தாள். பாதியில் விட்ட வார்த்தையை அவள் அப்புறம் சொல்லவே இல்லை. என்ன சொல்ல வந்தாள் என்று யாரும் கேட்கவும் இல்லை.

போன வாரம் உனக்குச் சொல்லாமல் கொட்டச்சேட்டுக்குப் போனேன். பஸ்ஸில் வாந்தி எடுத்தேன், ஆனாலும் போனேன். சுமதியிடம் இதுவரை உனக்கு எழுதினதையெல்லாம் வாயால் சொன்னேன். உன்னைப் பற்றிக் கோள் சொல்லப் போனேன் என்று நினைக்காதே. நீ குடிக்க மாட்டாய், கைநீட்ட மாட்டாய், அவளைப் பட்டினி போட மாட்டாய், அதையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள். பிறகு, “ஏனுங்கத்தை, அவரு வர்றப்ப நான் எந்திரிக்காம உக்காந்திருந்தா கோவிச்சுக்குவாருங்களா?” என்று கேட்டாள். “கோவிச்சுக்குவான் கண்ணு. ரைட்டரும்தான் கோவிச்சுக்கிட்டான்” என்றேன். “அப்ப உங்க மேல கோவிச்சுக்கிட்டாருங்களா?” என்றாள். நீ என்மேல் கோபித்துக்கொள்ள நான் ஒரு சந்தர்ப்பமே கொடுக்கவில்லையே. “இன்னும் இல்ல” என்றேன். “மொதல்ல நீங்க உக்காருங்கத்தை. அப்புறம் நான் நிக்கறதா வேண்டாமான்னு சொல்றேனுங்க” என்றாள். கல்யாணத்தைப் பற்றியா, தேர்தலைப் பற்றியா என்று நான் கேட்கவில்லை. ரெண்டும் ஒன்றுதான் என்று அவள் முகத்தில் இருந்தது. நல்ல பெண் கண்ணு. உன்னைவிட என்னை அவள் நன்றாகப் புரிந்துகொண்டாள்.

திரும்பி வரும் வழியில் லயனுக்கும் இறங்கினேன். வெள்ளச்சி ஓடையில் குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் இந்த வருஷமும் அதே கறுப்பு. நான் அவள் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்து, டேங்க் வேலையை நிறுத்தப் போகிறேன், அடுப்படியில் நான் கையெழுத்துப் போட்ட தீர்மானத்தை மாற்றப் போகிறேன் என்று சொன்னேன். அவள் குடத்தைத் தலைக்குத் தூக்கினாள். மன்னித்துவிடுவாள், அக்கா என்று கூப்பிடுவாள் என்று என் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. “தண்ணி வரட்டுங்கம்மா. வந்தப்பறம் பேசலாமுங்க” என்று சொல்லிவிட்டு மேடேறிப் போய்விட்டாள். சரிதான். வாயால் சொன்னதை நம்பி ஓட்டுப் போட்டவர்கள்தானே அவர்கள், எத்தனை தடவை நம்புவார்கள்.

கல்யாணம் நடக்குமா, சுமதி வருவாளா, எனக்குத் தெரியாது. நடந்தால் நான் முன்னால் நின்று நடத்துவேன், வயிறு குளிர வாழ்த்துவேன். நீ என் ஒரே பிள்ளை. உன்மேல் எனக்கிருக்கிற பாசத்தில் ஒரு குறையும் கிடையாது. அந்தப் பாசம்தான் அந்த லயன் பிள்ளைகள் வாயில் புண்ணாக இருக்கிறது. உன்னை ஆபீசுக்கு வராதே என்றும் சொல்லவில்லை. வா. பெஞ்சு இருக்கிறது. பெண்கள் மனு கொண்டு வந்தால் தள்ளி உட்கார்ந்து இடம் கொடு. எனக்கு வாந்தி வருமே என்று உனக்குக் கவலையாக இருந்தால் எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடு, ஜீப்பில் பக்கத்தில் உட்கார்ந்து வா, கலெக்டர் ஆபீஸ் வாசலில் காத்திரு. உன் அப்பா எனக்காக ஊர் முன்னால் மண்ணில் விழுந்தார். உன்னை நான் விழச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலையில் ஆபீசுக்கு வருகிறேன். தனியாக வரமாட்டேன். களத்துப் பெண்களை வரச் சொல்லியிருக்கிறேன். வெள்ளச்சி வருவாளா தெரியாது, சுமதி வருவதாகச் சொல்லியிருக்கிறாள். நீ வழக்கம்போல அந்தக் கை வைத்த நாற்காலியில் துண்டு போட்டு உட்கார்ந்திருப்பாய். அன்றைக்கும் மழை பெய்யலாம், நான் நனைந்து வரலாம். யாரும் என் தலையைத் துவட்ட வேண்டாம். அத்தனை பேர் முன்னால் என்னை வாய்விட்டுச் சொல்ல வைக்காதே. அன்றைக்கு உக்காரு என்று சொன்ன அதே வாயால், அதே பாசத்தோடு, இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எந்திரி சாமி.

அம்மா